சுழி எந்தப் பக்கம்?

அத்தியாயம் ஏழு

"என்ட மனுசன் செத்துட்டார் எண்டு ஆரும் சொன்னா, அந்த வாய்க்குள்ள அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவன்," என்றாள் பாலசுந்தரி. "அவர் என்னை விட்டுட்டு ஓடிட்டார், மிஸ். எங்க ஓடினவர் எண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க."

துப்பறியும் றஞ்சிதா பதினொரு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்களைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவர். புருசன் ஓடவில்லை என்று சத்தியம் செய்த பெண்களை நிறையக் கண்டிருக்கிறார். ஓடித்தான் இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தவள் இவள் ஒருத்திதான்.

பெரியகல்லாற்றில் வாவிக்கரைப் பக்கம் அந்த வீடு. கொடியில் அவள் புருசன் யோகராசாவின் சேட்டுகள் நான்கு காய்ந்துகொண்டிருந்தன. அவர் போன பிறகு அவை மூன்று முறை தோய்க்கப்பட்டிருந்தன.

"காய்ஞ்ச சேட்டை ஏன் மறுகாவும் தோய்க்கிறீங்க, சுந்தரியக்கா?" என்று கேட்டான் உதயரூபன். அவன் றஞ்சிதாவின் உதவியாள். மோட்டார் சைக்கிள் அவனுடையது, பெற்றோல் றஞ்சிதாவுடையது, வாய் யாருக்கும் சொந்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கையைச் சும்மா வச்சிருந்தா தம்பி, மனம் சும்மா இருக்காது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வரட்டும். வந்த உடனே ஏசுறதுக்கு எல்லாம் பாடமாக்கி வச்சிருக்கன். முதல் வசனம் அவர்ர அம்மாவில இருந்து தொடங்கும்."

நடந்தது இவ்வளவுதான். விடாத மழை. பழுகாமம் பக்கத்து வயல் வட்டைகளில் நெற்பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. தண்ணீரைக் கடலுக்கு விடுவதற்கு ஒரு காலையில் ஆற்றுவாய் மணல்திட்டை வெட்டினார்கள். வாவி முழுவதும் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது. பாலத்துக்கு உட்பக்கம், வாவியின் மூலையில் போட்டிருந்த வலையை இழுத்தெடுக்க யோகராசா தோணியில் தனியே போனார். கொஞ்ச நேரத்தில் தோணி மட்டும் பாலத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. ஆள் இல்லை.

நீரோட்டம் படிக்கும் ஆய்வகம் ஒன்று மட்டக்களப்பு ரவுணில் இருந்தது. வாவியின் ஓட்டத்தைக் கணினியில் கணித்துக் காட்டும் படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்த மூலையில் விழுந்த எதுவும் ஊர்ப் பக்கக் கரைக்குத்தான் வந்து சேரும் என்று அவர்களின் படம் சொன்னது. மீட்புக்காரர் அந்தக் கரையைச் சீப்புப் போட்டு வாரியதுபோல் வாரினார்கள். ஒன்றும் இல்லை.

ஆனால் யோகராசாவின் துடுப்பு எதிரே அங்காலைக் கரையில், பஸ் ரோட்டுப் பக்கம், கண்டல் மரங்களின் ஓரத்தில் கிடந்தது. அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது: ஆள் அங்கால இறங்கி, துடுப்பை எறிந்துவிட்டு, பஸ் ஏறிவிட்டான். வேலைக்கு ருமேனியா போக வேண்டும் என்று ஒரு வருடமாக புலம்பிக்கொண்டிருந்தவன்தானே.

"நாளைக்கு எட்டாம் நாளாம்," என்றாள் பாலசுந்தரி. "சடங்குக்கு என்ன செய்யிற எண்டு கேட்டு அவர்ர அண்ணன் வந்தார். தேங்காய் உடைக்கிறதெண்டா உங்கட மண்டையில உடைப்பன் எண்டு அனுப்பிட்டன். படம் சொல்லுது, மிஸ். விழுந்திருந்தா இஞ்சால வந்திருப்பார். வரல்ல. அப்ப விழல்ல. விழல்ல எண்டா உசிரோட இரிக்கார். பிழையா?"

பிழை இல்லை. கச்சிதமான கணக்கு. அதுதான் றஞ்சிதாவுக்குப் பிடிக்கவில்லை.

* * *

"அக்கா, கேஸ் முடிஞ்சுது," என்றான் ரூபன், ரவுணுக்குப் போகும் வழியில் காற்றுக்கு மேலாகக் கத்தி. "ருமேனியாவுக்கு ரெண்டு ரிக்கெற் போடுங்க. எனக்கு யன்னல் சீற்."

"துடுப்பை எறிஞ்சிட்டுப் போறவன் தோணியை ஏன் கவிழ்த்தான்?"

"செத்த மாதிரிக் காட்ட."

"சரி. செத்த மாதிரிக் காட்டுறவன் துடுப்பை ஏன் பஸ் ரோட்டடியில வச்சான்?"

ரூபன் ஒரு மாட்டை விலக்கிப் போனான்.

"அவள்ர நம்பிக்கை ஒற்றைக் காலில நிக்குது, ரூபன். அந்தப் படம்தான் கால். அதை ஒருக்கா ஆட்டிப் பாப்பம்."

"ஆட்டினா விழும், அக்கா."

"ஓம்."

"அப்ப ஆட்டாம விடுவமே?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார் றஞ்சிதா.

* * *

ஆய்வகம் என்பது ரயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே இருந்தது ஒரே ஒரு பொறியியலாளர், கம்சாயினி. இருபத்தாறு வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. துப்பறிகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் கதிரையில் இருந்த புத்தகங்களைத் தரைக்கு மாற்றி இடம் கொடுத்தாள். தரையில் ஏற்கெனவே புத்தகங்கள் இருந்தன.

"வாவியை முழுசா ஒரே அடியாக் கணக்குப் பாக்க ஏலா, மிஸ். அதால சின்னச் சின்ன முக்கோணமா வெட்டுறது."

"தட்டில ஊத்தின தொதலைத் துண்டு துண்டா வெட்டுற மாதிரி," என்றான் ரூபன்.

"ஓம், அப்பிடித்தான். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் நடுவில தண்ணி என்ன வேகத்தில, எங்கால ஓடுது எண்டு ஒரு மென்பொருள் சொல்லும். நடுவில இருந்து கொஞ்சம் தள்ளிப் போனா அந்த வேகம் எப்பிடி மாறும்? அதுக்கு நாலு எண் தரும்."

"ஏன் நாலு?"

"தண்ணிக்கு ரெண்டு வேகம்: கிழக்கால ஓடுறது, வடக்கால ஓடுறது. நாங்க தள்ளிப் போறதுக்கும் ரெண்டு திசை: கிழக்கு, வடக்கு. ரெண்டு ரெண்டு நாலு."

"இந்த இடம் எனக்கு நல்லா விளங்குது," என்றான் ரூபன்.

"அந்த நாலுக்கும் சேர்த்துப் பேர் கிரேடியன்ட் டென்சர்."

"டென்ஷன் தெரியும். டென்சர் அதுக்கு அண்ணனா?"

கம்சாயினி முதல் முறையாகச் சிரிக்கப் பார்த்தாள். முகம் பழக்கமில்லாமல் பாதியில் விட்டுவிட்டது. "அந்த நாலு எண்ணையும் ரெண்டாவது மென்பொருளுக்குக் குடுப்பன். மிதக்கிற சாமான் எங்க போய்ச் சேரும் எண்டு புள்ளி புள்ளியா அது காட்டும். அது கோகுலராஜ் அண்ணா எழுதினது. எனக்கு முன்னம் இந்தக் கதிரையில இருந்தவர். இப்ப நோர்வேயில."

"அங்கயும் இதுதானா வேலை?"

"மீன் பெட்டியில ஐஸ் போடுறார்."

றஞ்சிதா திரையைப் பார்த்தார். வாவி, முக்கோணங்கள், ஊர்ப் பக்கக் கரையில் கூடிக் கிடந்த சிவப்புப் புள்ளிகள். பாலசுந்தரியின் புருசனை உயிரோடு வைத்திருந்த புள்ளிகள்.

"இது சரியெண்டு எப்பிடித் தெரியும், புள்ள?"

"சோதிச்சனாங்க, மிஸ்! மஞ்சள் பெயின்ற் அடிச்ச தேங்காய்களைப் பாலத்துக்கு நடுவில இருந்து போட்டுட்டு, எஞ்சின் போற்றில பின்னால போய்ப் பாத்தம். படம் சொன்ன இடத்துக்கே எல்லாம் போச்சு. ஒரு தேங்காய் கூடப் பிசகல்ல."

"பாலத்துக்கு நடுவில. அங்க தண்ணி நேரா ஓடும்."

"ஓம்."

"மூலையில போட்டுப் பாத்தீங்களா? அங்க தண்ணி சுத்திச் சுத்திக் கிறுகுமே."

"அங்க சேறு. போற் போகாது." அவள் விரலைப் பிசைந்தாள். "கிறுகினா என்ன மிஸ், கணக்கு ஒண்டுதானே?"

றஞ்சிதா யன்னல் பக்கம் போய் நின்றார். "கவிழ்ந்த தோணியைக் காத்தும் தள்ளும். அது எங்க போனாலும் எனக்குப் பிரச்சினை இல்ல. துடுப்பு தண்ணியோட படுத்துக் கிடக்கிற சாமான். அதைத் தண்ணி மட்டும்தான் கொண்டு போகும். உங்கட படத்தின்படி அது இஞ்சால வந்திருக்கணும். அங்கால போய்க் கிடக்கு."

"அந்தாள் கொண்டு போய்ப் போட்டிருப்பார்."

"அப்பிடித்தான் ஊரும் சொல்லுது. அந்த நாலு எண்ணையும் எந்த ஒழுங்கில குடுக்கிறீங்க?"

கம்சாயினியின் முகத்தில் பழைய கோபம் ஒன்று ஏறியது. "அதைத்தான் மிஸ் நானும் கோகுல் அண்ணாட்டக் கேட்டன். நாலு எண்ணையும் எழுத ரெண்டு வழக்கம் இரிக்கி. ஒண்டு குறுக்கால எழுதுறது, மற்றது மேல இருந்து கீழால எழுதுறது. ரெண்டும் ஒரே நாலு எண்தான். பாத்தா வித்தியாசம் தெரியா. உங்கட மென்பொருளுக்கு எப்பிடி வாசிக்கிற எண்டு மெசேஜ் போட்டன். என்ன பதில் வந்தது தெரியுமா?"

"என்ன?"

"'நிறைய வாசி.'"

ரூபன் தொடையில் தட்டிச் சிரித்தான். "வெளிநாடு போனா எங்கட ஆக்களுக்கு முதல் வாற வருத்தம் அது. புத்திமதி!"

"எனக்குச் சிரிப்பு வரல்ல, அண்ணா. வேலையைத் தலையில கட்டிட்டுப் போய், ஒரு கேள்வி கேட்டா இப்பிடி. நான் படிக்கல்ல எண்டுதானே சொல்றார்? ரோசத்தில இந்தப் புத்தகம் எல்லாம் வாசிச்சன்." அவள் தரையைக் காட்டினாள். "ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு வழக்கம். கடைசியில கீழால வாசிச்சுப் பாத்தன், தேங்காய் எல்லாம் பொருந்தினது. அப்பிடியே விட்டுட்டன். அவரோட அதுக்குப் பிறகு கதைக்கிறதும் இல்ல."

றஞ்சிதா திரும்பினார். மெதுவாகக் கேட்டார்:

"மீன் பெட்டியில ஐஸ் போடுறவர். கையில கையுறை இருக்கும், என்ன?"

"இருக்கும்தானே."

"அப்ப மெசேஜை எப்பிடி எழுதுறவர்?"

"எழுதுறதில்ல மிஸ். வாயால சொல்லுவார். போன் எழுதிக்கொள்ளும்."

"சரி. அவர் அனுப்பினதை இப்ப நீங்க சத்தமாச் சொல்லுங்க."

"நிறைய வாசி."

"இன்னொருக்கா. பக்கத்தில மெஷின் ஓடுது, கை விறைக்குது, கெதியாச் சொல்லிட்டு வேலைக்குப் போகணும்."

"நிறைய வாசி. நிறையா வாசி. நிரையா..."

வாய் திறந்தபடியே நின்றது. கீழே ரயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி ஓய்ந்தது.

"நிரையா வாசி," என்றாள் கம்சாயினி, யாருக்கும் கேட்காத குரலில்.

"என்ன வித்தியாசம், அக்கா?" என்றான் ரூபன்.

"நிரை எண்டா குறுக்கால போற வரிசை. நிரல் எண்டா கீழால இறங்குற வரிசை. உயர்தரத்தில உனக்குப் படிப்பிச்சிருப்பாங்களே?"

"படிப்பிச்சது உண்மை. படிச்ச எண்டு ஆர் சொன்ன?"

"அந்தப் பொடியன் புத்திமதி சொல்லல்ல. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லியிருக்கார். நிரை நிரையா, குறுக்கால வாசி எண்டு. போன் அதை 'நிறைய' ஆக்கிப்போட்டுது."

கம்சாயினி வெள்ளைப் பலகையில் நான்கு எண்களை எழுதினாள். மேலே இரண்டு, கீழே இரண்டு.

"குறுக்கால வாசிச்சாலும் கீழால வாசிச்சாலும் முதல் எண் முதல்தான். கடைசி எண் கடைசிதான். நடுவில வாற ரெண்டும்தான் இடம் மாறும்."

"தேங்காய் போட்ட இடத்தில அந்த நடு ரெண்டும் என்ன?" என்று கேட்டார் றஞ்சிதா.

"நேரா ஓடுற தண்ணி மிஸ். நட்ட நடுவில. ரெண்டும் பூச்சியம்."

"பூச்சியத்தையும் பூச்சியத்தையும் இடம் மாத்தி வச்சா," என்றான் ரூபன், "படைச்சவனுக்கும் தெரியாது."

"மூலையில?"

"அங்க சுழி. முக்கோணத்துக்கு நடுவில வேகமே இல்ல. சுத்திவர ஓடுற ஓட்டம் எல்லாம் இந்த நடு ரெண்டு எண்ணாலதான். ஒண்டு பிளஸ், மற்றது மைனஸ்."

"பிளஸையும் மைனஸையும் இடம் மாத்தினா?"

கம்சாயினி மார்க்கரின் மூடியைப் போட்டாள். அது பொருந்தவில்லை, திரும்பவும் போட்டாள்.

"சுழி மற்றப் பக்கம் கிறுகும்."

* * *

திருத்துவதற்கு ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. கணினியின் காற்றாடி சத்தமிட்டது. சிவப்புப் புள்ளிகள் மூலையில் பிறந்தன, தயங்கின, வட்டமடித்தன. இந்த முறை ஊர்ப் பக்கம் வரவில்லை. வாவியைக் குறுக்கறுத்து, அங்காலைக் கரையின் கண்டல் காட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டன.

"துடுப்பு கிடந்த இடம்!" ரூபன் துள்ளி எழும்பினான். "அக்கா, அதே இடம்! துடுப்பை ஆரும் கொண்டு போய்ப் போடல்ல. தண்ணிதான் கொண்டு போயிருக்கு! அவன் பஸ் ஏறினதுக்கு ஒரு சாட்சியும்..."

அவன் நிறுத்தினான். சொல்ல வந்த வசனத்தின் மறு பாதி அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

துடுப்பு தானாகப் போயிருந்தால், கொண்டு போக ஆள் தேவையில்லை. ஊர்ப் பக்கக் கரையில் ஆள் கிடைக்காததற்கும் இனி ஓடிப்போனது காரணமில்லை. கண்டல் காட்டுக்குள் யாரும் தேடவே இல்லை. அங்கே ஒரு புள்ளியும் போகாது என்று படம் சொல்லியிருந்தது.

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சுத்தமாக ஒரு முடிச்சு அவிழ்ந்து றஞ்சிதா கண்டதில்லை. அவிழாமலே இருந்திருக்கலாம்.

"மிஸ்," என்றாள் கம்சாயினி. "முதல் நாளே நான் சரியாப் போட்டிருந்தா... அங்க கண்டல் வேர் இரிக்கி. நீந்தத் தெரிஞ்ச ஆள். ஒரு வேரைப் பிடிச்சுக் கொண்டு..."

"போதும், புள்ள."

"இல்ல மிஸ், சொல்லுங்க. பிடிச்சுக் கொண்டு இருந்திருப்பாரா?"

காப்புறுதிக் கம்பனியில் பதினொரு வருடம் பொய்களைப் பிடித்தவர் றஞ்சிதா. இப்போது ஒரு நல்ல பொய் தேவைப்பட்டது. வரவில்லை.

"படத்தை மீட்புக்காரருக்கு அனுப்புங்க," என்றார். "இப்பவே."

படியில் இறங்கும்போது ரூபன் பின்னால் பார்த்தான். கம்சாயினி படத்தை அனுப்பிவிட்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் "கோகுல் அண்ணா" என்றாள். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

* * *

பின்னேர வெயிலில் வாவி பீங்கான் போல் கிடந்தது. மீட்புப் படகு அங்காலைக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஊர்ப் பக்கக் கரையில் நின்று பார்த்தால் அதற்குள் இருந்த ஆட்கள் தீக்குச்சி அளவில் தெரிந்தார்கள்.

"சொல்லாம விடுவம், அக்கா," என்று ரூபன் மூன்றாவது தடவை கெஞ்சினான். "ஒண்டும் கிடைக்காட்டி? பாவம், ருமேனியாவிலயே இருந்திட்டுப் போகட்டுமே."

"கிடைச்சா?"

அவன் செருப்பால் மணலைத் தோண்டினான்.

பாலசுந்தரி அதற்குள் படகைக் கண்டுவிட்டாள். ஈரக் கையோடு ஓடி வந்தாள். றஞ்சிதா எல்லாவற்றையும் சொன்னார். எண்களைப் பற்றிச் சொல்லவில்லை. படம் பிழை, சுழி மற்றப் பக்கம், துடுப்பு தானாகப் போனது. மூன்று வசனம். பாலசுந்தரி ஏசவில்லை. சாம்பலும் அள்ளவில்லை. கணக்குப் பார்க்கிறவளைப் போல் நெற்றியைச் சுருக்கினாள்.

"அந்தப் புள்ள முதல் போட்ட படம் பிழை."

"ஓம்."

"அவள்தானே இதையும் போட்டவள்?"

"ஓம், சுந்தரி."

"ஒருக்கா பிழைச்ச கை மறுகாவும் பிழைக்கும்தானே, மிஸ்? இன்னொருக்காப் பாக்கச் சொல்லுங்க. நிதானமாப் பாக்கச் சொல்லுங்க. நான் நிக்கிறன்."

றஞ்சிதா வாவியைப் பார்த்தார். படகு கண்டல் நிழலுக்குள் நுழைந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் தண்ணீருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. நுழைந்து, சுற்றி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடியும் நுழைந்து.

பிறகு நின்றது.

மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அது திரும்ப ஸ்ராட் ஆகவில்லை. கரையில் ஒரு நாய் குரைத்தது, அதுவும் ஓய்ந்தது. நிழலுக்குள் யாரோ எழும்பி நின்று, கையை உயர்த்தி மற்றவர்களைக் கூப்பிடுவது தெரிந்தது.

"எஞ்சின் பழுதாக்கும்," என்றாள் பாலசுந்தரி. றஞ்சிதாவிடம் இல்லை, ரூபனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "என்ன தம்பி? உப்புத் தண்ணி. அடிக்கடி பழுதாகும்தானே?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற உதயரூபன் படகில் இருந்து கண்ணை எடுத்தான்.

"ஓம், சுந்தரியக்கா," என்றான். "பழுதாத்தான் இருக்கும்."